வீடு திரும்பும் விமானம்: நான்ஸ்டாப், ஒரு நிறுத்தம், தனித்தனி டிக்கெட் – எது யாருக்கு?

போகும்போது வசதியைப் பார்த்து விமானம் பிடிக்கலாம். பல மாதம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும்போது பெட்டியைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். எடை கூடியிருக்கும், உடம்பு களைத்திருக்கும். அந்தப் பெட்டி எத்தனை கை மாறுகிறது, வழியில் அதற்கு யார் பொறுப்பு என்ற இரண்டு கேள்வியை வைத்துப் பார்த்தால் எந்த டிக்கெட் என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

முதலில் நான்ஸ்டாப். 'டைரக்ட்' என்று விற்கப்படுவதெல்லாம் நான்ஸ்டாப் ஆகாது. ஒரே விமான எண்ணோடு நடுவில் ஓரிடத்தில் இறங்கி ஏறுவதையும் டைரக்ட் என்பார்கள். டிக்கெட்டில் நிறுத்தங்களின் எண்ணிக்கை 0 என்று இருக்கிறதா பாருங்கள். பெட்டி ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்குவதால் வழிதவறும் வாய்ப்பு இதில்தான் மிகக் குறைவு. ஆனால் மிக நீண்ட தடங்களில் எதிர்க்காற்று பலமாக இருக்கும் நாளில் எரிபொருளைக் கூட்டி, எடையைக் குறைக்கச் சில பெட்டிகளை விட்டுவிட்டுக் கிளம்புவதும் உண்டு. அதனால் ஒரு நாளைக்கான மாற்றுத் துணியும் மருந்துகளும் கைப்பையில் இருக்கட்டும். உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல இருக்கும், ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தாலே காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடத் தொடங்கும். ஏற்கெனவே அப்படி உறைந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் 15 மணி நேர விமானத்துக்குப் பணம் கட்டுமுன் மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும். மற்றவர்கள் நடைபாதை ஓர இருக்கையாகப் பார்த்து எடுங்கள். எழுந்து நடக்க யாரையும் எழுப்ப வேண்டியிருக்காது.

ஒரே டிக்கெட்டில் ஒரு நிறுத்தம் என்பதுதான் பெரும்பாலோருக்குச் சரியாக வரும். காரணம் விலை மட்டும் அல்ல. முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால், அடுத்த விமானத்தில் இடம் தருவது நிறுவனத்தின் கடமை. கவனிக்க வேண்டியது கனெக்ஷன் நேரம், அதாவது ஒரு விமானத்தில் இறங்கி அடுத்ததில் ஏறுவதற்கான இடைவெளி. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஒரு குறைந்தபட்ச நேரம் வகுத்திருப்பார்கள். அதற்கு ஒரு நிமிடம் கூடுதலாக இருந்தாலும் டிக்கெட் விற்பனைக்கு வந்துவிடும். 70 நிமிடக் கனெக்ஷனில் 25 நிமிடம் தாமதமாக இறங்கி, பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று, வேறு டெர்மினலுக்குப் போவதற்குள் கேட் மூடிவிடும். புறப்படுவதற்கு 15, 20 நிமிடம் முன்பே மூடிவிடுகிறார்கள். ஆள் ஓடிப் பிடித்தாலும் பெட்டி பிடிக்காது. இரண்டரை முதல் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பிடிக்க வேண்டியது அந்த நாளின் கடைசி விமானம் என்றால் நான்கு மணி நேரத்துக்குக் குறையவே கூடாது.

நீண்ட பயணத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ரிட்டர்ன் டிக்கெட் எடுத்து ஆறேழு மாதம் ஆகியிருக்கும். அதற்குள் கால அட்டவணை மாறி, மூன்று மணி நேரமாக இருந்த கனெக்ஷன் 55 நிமிடமாகச் சுருங்கியிருக்கலாம். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் டிக்கெட்டில் உள்ள பிஎன்ஆர் (முன்பதிவு) எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். நிறுவனமே நேரத்தை மாற்றியிருந்தால் வேறு விமானத்துக்கு மாற்றித் தரக் கேட்கலாம். பெரும்பாலும் கட்டணம் இல்லாமல் செய்து தருவார்கள்.

கவுண்டரில் பெட்டிக்கு டேக் ஒட்டும்போது ஒரு நிமிடம் நின்று அதைப் படியுங்கள். பெரிய மூன்றெழுத்து, பெட்டி கடைசியாகப் போய்ச் சேர வேண்டிய விமான நிலையத்தின் குறியீடு. மாறும் இடம் சிறிய எழுத்தில் தனியாக இருக்கும். பெரிய எழுத்தில் மாறும் இடமே இருந்தால் பெட்டி அங்கேயே வெளியே வந்துவிடும், அப்போதே சொல்லித் திருத்துங்கள். வந்தபோது ஒட்டிய பழைய டேக்கையும், பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் குட்டி பார்கோடு ஸ்டிக்கர்களையும் முதல் நாளே உரித்துவிடுங்கள். ஸ்கேனர் பழையதைப் படித்தால் பெட்டி வேறு பக்கம் போய்விடும். அமெரிக்கா வழியாக மாறுபவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு: டேக்கில் கடைசி ஊர் இருந்தாலும், பொதுவாக அங்கே இறங்கும் முதல் விமான நிலையத்தில் இமிகிரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி மீண்டும் ஒப்படைக்க வேண்டும். வேறு நாட்டுக்குப் போகிறவருக்கும் விசாவோ முன் அனுமதியோ தேவைப்படும்.

இரண்டு விமானத்துக்கும் தனித்தனி டிக்கெட் எடுப்பது மலிவாகத் தெரியும். ஆனால் முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது நிறுவனத்தின் கண்ணில் நீங்கள் தாமதமாக வந்த பயணி, அவ்வளவுதான், டிக்கெட் காலாவதி. பெட்டியை எடுக்க மாறும் நாட்டுக்குள் நுழைய வேண்டும், அதற்கு விசா வேண்டியிருக்கலாம். செக்-இன் கவுண்டர் பல இடங்களில் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். முதல் டிக்கெட்டில் 23 கிலோவில் இரண்டு பெட்டி, இரண்டாவதில் மொத்தமே 20 கிலோ என்றால் மீதி 26 கிலோவுக்கு அங்கேயே பணம் கட்ட நேரும். மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். கைப்பையோடு மட்டும் பயணிப்பவருக்கு இது சரி. நிறைந்த பெட்டியோடு திரும்புபவருக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வேறு வழியில்லை என்றால் இடையில் ஓர் இரவாவது விடுங்கள்.

வேண்டுமென்றே ஓர் இரவு தங்கிச் செல்வது கிழக்கு நோக்கிப் போகையில் உள்ளூர் நேரம் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேறுபடும் தடங்களுக்கும், முதியவர்களுக்கும் நல்லது. உடம்பின் கடிகாரம் கிழக்கே போகும்போது நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும், எனவே ஓர் இரவில் ஜெட்லாக் தீராது. கால் நீட்டிப் படுத்துத் தூங்குவதுதான் கிடைக்கும் பலன். 24 மணி நேரத்துக்குக் குறைந்த தங்கலில் பெட்டி பொதுவாக நேராகப் போய்விடும் என்பதால் இரவு உடையைக் கைப்பையில் வையுங்கள்.

மிஞ்சிய சாமானுக்கு, துணிமணி என்றால் விமானத்திலேயே கூடுதல் பெட்டி, புத்தகம் என்றால் கப்பல். கூரியர் நிறுவனங்கள் உண்மை எடை, கன எடை (பெட்டி அடைக்கும் இடத்தை வைத்துக் கணக்கிடும் எடை) இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடும். 60×50×50 செ.மீ. அட்டைப்பெட்டியின் மூன்று அளவையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 30 கிலோ. உள்ளே 14 கிலோ துணி இருந்தாலும் 30 கிலோவுக்கான பணம்தான். கப்பலில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆகும். விமானத்தில் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள், பணம் கொடுத்தாலும் பிரிக்கத்தான் வேண்டும். பவர் பேங்க் எப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

இறங்கிய இடத்தில் பெட்டி வரவில்லை என்றால் கஸ்டம்ஸ் தாண்டுமுன் கவுண்டரில் புகார் பதிந்து அதன் எண்ணை வாங்குங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்தை 7 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தாமதமாகக் கிடைத்த பெட்டி என்றால் கையில் வந்ததிலிருந்து 21 நாள். பெட்டியை மூடுமுன் உள்ளே இருப்பதைப் படம் எடுத்து வைத்திருந்தால் புகாரில் அதையே இணைத்துவிடலாம்.