ஒக்பான்ஜேவா, ரத்தச் சோதனையா?

நைஜீரியாவின் இக்போ மக்களிடம், பிறந்து பிறந்து சாகும் குழந்தைக்கு 'ஒக்பான்ஜே' என்று பெயர். ஒரே உயிர்தான் திரும்பத் திரும்ப வந்து தாயை வதைக்கிறது என்பது நம்பிக்கை. திபியா எனப்படும் குறிசொல்பவர், அந்தக் குழந்தை புதைத்து வைத்த 'இயி-உவா'வை, அதாவது அதை ஆவி உலகோடு பிணைக்கும் பொருளை, தோண்டி எடுப்பார். பெரும்பாலும் துணியில் சுற்றிய வழவழப்பான கல். அதை அழித்தால் குழந்தை தங்கிவிடும் என்பார்கள். சில இடங்களில் இறந்த பிள்ளையின் உடலில் வெட்டுக்குறிகூடப் போட்டார்கள். மறுபடி வந்தால் அடையாளம் தெரிய வேண்டுமாம்.

இன்னொரு பக்கம் ஆய்வகம். இப்படி அடுத்தடுத்துச் செத்த குழந்தைகள் பலருக்கும் இருந்தது பரம்பரை ரத்த நோயான அரிவாள் செல் நோயாக இருக்கலாம் என்கிறது அது. ஒரு துளி ரத்தம், அதில் மின்சாரம் பாய்ச்சினால் ஹீமோகுளோபின் கோடுகளாகப் பிரியும். இயல்பான ஏ, குறையுள்ள எஸ் என இரண்டு கோடும் தெரிந்தால் ஏஎஸ், அதாவது நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்; எஸ் கோடு மட்டும் என்றால் எஸ்எஸ், அதாவது அரிவாள் செல் நோய். தாய், தந்தை இருவரும் ஏஎஸ் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. அதனால்தான் அங்கே பல தேவாலயங்கள் திருமணத்துக்கு முன்பே இந்தச் சான்றைக் கேட்கின்றன.

குழந்தையைக் காப்பாற்ற எது என்றால், யோசிக்கவே வேண்டாம், சோதனைதான். குழந்தையின் மீதும் தாயின் மீதும் விழுந்த பழியையும் அது துடைக்கிறது. ஆனால் மறுபிறப்பு நம்பிக்கை முழுவதையும் இதோடு சேர்த்துத் தள்ள எனக்கு மனமில்லை. மறுபிறப்பை இக்போ மக்கள் சொல்லும் 'இலோ உவா' என்பது பாசத்தோடு திரும்பி வருவதும்தான். நென்னா என்றால் அப்பாவின் அம்மா. பாட்டி திரும்பி வந்துவிட்டாள் என்று பேத்திக்கு அந்தப் பெயரை வைப்பதை எந்த ஆய்வகமும் தடுக்கவில்லை.