பழைய கம்ப்யூட்டரில் ரெக்கார்டிங் செய்கிறவர்களே, சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் மூடியைத் திறந்து ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்

கடையின் பெயரைப் போடப் போவதில்லை, கமெண்ட்டில் கேட்காதீர்கள். கும்பகோணத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை, அவ்வளவுதான்.

நான் வீட்டு மாடியில் ஒரு அறையை வைத்துக்கொண்டு சின்ன அளவில் ரெக்கார்டிங் செய்கிறவன். கும்பாபிஷேகம், தீமிதி, பால்குடம் என்று ஆட்டோவில் குழாய் கட்டிப் போகிற விளம்பரங்கள்தான் சோறு போடுகின்றன, நடுவில் தெரிந்த நாதஸ்வரக்காரர்கள் வந்து ஒரு மல்லாரி, ஒரு கீர்த்தனை என்று வாசித்துவிட்டுப் போவார்கள். மெஷின் பழசு. இன்டெல் ஐ5 மூன்றாம் தலைமுறை, 2012-இல் வந்த ரகம். 8 ஜிபி ராம் இரண்டு, நானே வாங்கி நானே சொருகியது. பாட்டைப் பதிந்து மிக்ஸ் செய்ய ரீப்பர் என்ற சாஃப்ட்வேரைத்தான் பயன்படுத்துகிறேன், 60 டாலர் தள்ளுபடி லைசென்ஸ்.

ஆடி மாதம் தலைக்கு மேல் வேலை. அந்த நேரம் பார்த்து பதினான்கு டிராக் உள்ள ஒரு கோயில் பாட்டைத் திறந்தால், முதல் பத்து நிமிஷம் ஒழுங்காக ஓடும், அப்புறம் தவில் தீர்மானம் வைத்து முடிக்கிற இடத்தில் காய்ந்த சருகை மிதிக்கிற மாதிரி சரக் சரக்கென்று சத்தம், பிறகு பாட்டே திக்கித் திக்கி வரும். மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஐந்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "போர்டு வீக்காயிடுச்சுண்ணே, சிப் லெவல்ல வேலை இருக்கு. விண்டோஸ் பத்துக்கு சப்போர்ட்டும் நின்னு போச்சு, பேசாம புதுசு எடுத்துடுங்க" என்றார். சப்போர்ட் விஷயம் உண்மைதான், 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, ஆனால் அதற்கும் என் சரக் சரக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற தெளிவு அன்றைக்கு எனக்கு இல்லை. புதுசு வாங்கக் காசில்லை என்றேன். சரி, புது எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) 2,800, சர்வீஸ் 1,500, சாஃப்ட்வேர் 900 என்று 5,200 ரூபாய்க்கு முடிந்தது. "ரீப்பரை எதுக்குண்ணே காசு குடுத்து வாங்குனீங்க, எல்லா ப்ளகினும் நானே போட்டுத் தரேன்" என்று சிரித்தார். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்தேன். ப்ளகின் என்றால் ரீப்பருக்குள் சேர்த்துக்கொள்கிற குட்டி சாஃப்ட்வேர், எஃபெக்ட் போட உதவும்.

வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் இருபது நொடியில் டெஸ்க்டாப் வந்து நின்றது. மகிழ்ச்சி பத்து நிமிஷம்தான். அதே பாட்டு, அதே தீர்மானம், அதே சருகு. எஸ்எஸ்டி போட்டால் புராஜெக்ட் சீக்கிரம் திறக்கும், சாம்பிள்கள், அதாவது பதிந்துவைத்த வாத்திய ஒலிகள், சட்டென்று ஏறும், ஆனால் எதிரொலி சேர்க்கிற ரிவெர்ப் எஃபெக்டின் கணக்கைப் போடுவது புராசஸர், அது மூச்சுவாங்கினால் எந்த டிஸ்க் போட்டும் பயனில்லை. இது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

நாலாம் நாள் திருவையாறு இசைக் கல்லூரியில் படித்த ஒரு மிருதங்க நண்பன் வந்தான், அவனும் வீட்டிலேயே ரெக்கார்டிங் செய்கிறவன். பாட்டை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்தான். 3.2 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய புராசஸர் பத்தாவது நிமிஷத்தில் 1.6-க்கு இறங்கியது. "மாப்ள, இது சூடுடா" என்று மூடியைக் கழற்றினான். எங்கள் தெருமுனையில் ரைஸ் மில். உமிச் சாம்பல் காற்றோடு வந்து ஃபேனுக்கு அடியில் புராசஸர் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் இடுக்கெல்லாம் கம்பளி மாதிரி அப்பியிருந்தது, உள்ளே அந்தச் சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து விபூதியாக உதிர்ந்தது. சூடு ஓர் அளவைத் தாண்டினால் புராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சர்வீஸுக்கு 1,500 ரூபாய் வாங்கிய கடைக்காரர் அந்தத் தூசியைக்கூட ஊதவில்லை. 150 ரூபாய் பேஸ்ட்டும் ஒரு பெயின்ட் பிரஷ்ஷும்தான் செலவு.

அதோடு இன்னும் இரண்டு காரியம் செய்தான். நான் பாடகருக்கு ஹெட்போனில் தாமதம் வரக்கூடாது என்று பஃபரை, அதாவது ஒரு தடவைக்கு எத்தனை ஒலித் துணுக்குகளைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும் என்ற அளவை, எப்போதும் 128-இலேயே வைத்திருந்தேன். நொடிக்கு 44,100 துணுக்கு என்ற கணக்கில் அது ஏறக்குறைய 3 மில்லி செகண்ட், ரெக்கார்ட் செய்யும்போது சரி, மிக்ஸிங்கில் யாருக்கு அந்த அவசரம்? 1024 ஆக்கினால் 23 மில்லி செகண்ட், புராசஸருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். அப்புறம் ஒவ்வொரு டிராக்கிலும் தனித்தனியாகப் போட்டிருந்த ரிவெர்ப்பை எடுத்துவிட்டு ஒரே ஒரு ரிவெர்ப் டிராக் வைத்து எல்லாவற்றையும் அதற்கு அனுப்பினான். பாட்டு முழுசாக ஓடியது.

அப்போதுதான் அவன் கண்ணில் ராம் அளவு பட்டது. 12 ஜிபி. என்னுடைய 8 ஒன்று போய் அந்த இடத்தில் 4 உட்கார்ந்திருந்தது. சந்தேகம் வந்து கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரை இறக்கி எஸ்எஸ்டியைப் பார்த்தோம், 'பவர் ஆன் ஹவர்ஸ்' என்ற இடத்தில் 11,640. புது எஸ்எஸ்டியில் இது பூஜ்யம் அல்லது ஒன்றிரண்டு மணிதான் காட்டும். இது 485 நாள் ராப்பகலாக எங்கேயோ உழைத்துவிட்டு வந்த டிஸ்க்.

சாஃப்ட்வேருக்கு வாங்கிய 900 ரூபாய்க்கும் கதை உண்டு. எதையும் திறக்காமல் மெஷின் சும்மா இருக்கும்போதே புராசஸர் 30 சதவீதம் ஓடிக்கொண்டிருந்தது. கிராக் ப்ளகின்களுக்குள், அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்த திருட்டுக் காப்பிகளுக்குள், கிரிப்டோ மைனர் என்ற டிஜிட்டல் காசு தோண்டும் புரோகிராமை ஒளித்து வைத்து நம் கம்ப்யூட்டரில் எவனோ காசு சம்பாதிக்கிற வேலையை ஈசெட் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம் 2019-லேயே கண்டுபிடித்து 'லவுட்மைனர்' என்று பெயர் வைத்து வெளியிட்டது. இசை சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே, நாம் எல்லாரும் நல்ல புராசஸர் வைத்திருப்போம், அது எப்போதும் சுமையோடு ஓடினாலும் சந்தேகப்பட மாட்டோம் என்பதுதான். மொத்தத்தையும் அழித்து விண்டோஸ் புதிதாகப் போட்ட பிறகு அந்த 30 போனது.

மறுநாள் கடைக்குப் போனேன். "எஸ்எஸ்டி செகண்ட்ஸ்னு சொன்னேனேண்ணே" என்றார். பில்லைக் காட்டினேன், துண்டுச் சீட்டில் 'எஸ்எஸ்டி 240 - 2,800' என்று மட்டும் இருந்தது, புதுசு என்றும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. அங்கேதான் நான் கோட்டைவிட்டேன். சீரியல் நம்பர் போட்ட பில் இருந்திருந்தால் 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அங்கேயே நின்று போன் போட்டிருப்பேன். ராம் விஷயத்தில் மட்டும் பிழைத்தேன், போன வருஷம் சொருகியபோது ஸ்டிக்கர் தெரிய எடுத்த போட்டோ போனில் இருந்தது. அதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. டிராயரைத் திறந்து ஒரு 8 ஜிபியை எடுத்து மேஜை மேல் வைத்து, "பையன் மாத்திப் போட்டிருப்பான்" என்றார்.

அது என்னுடையதில்லை, கம்பெனி வேறு. ஓடுகிறது, வைத்திருக்கிறேன். எஸ்எஸ்டி காசுக்கு வெள்ளிக்கிழமை வரச் சொன்னார், மூன்று வெள்ளி போய்விட்டது.