பினாங்கில் ஆபரேஷனுக்கு முன் ஒரு எம்.ஆர்.ஐ.

இங்கிலாந்தின் லெஸ்டரில் இருந்து இந்த முறை மலேசியாவின் பட்டர்வொர்த் வந்தது ஒரு கல்யாணத்துக்கு. விடுமுறையில் பாதி, பாலம் தாண்டி பினாங்குத் தீவில் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் போனது. சித்தி மகளுக்கு 38 வயது, தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மார்பில் கட்டி, திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. ஆபரேஷனுக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுப்பதா வேண்டாமா என்பதுதான் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு.

முதலில் வேகத்தைச் சொல்லிவிடுகிறேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க மலேசியருக்கு 5 வெள்ளிதான் (ரிங்கிட்), ஆனால் ஸ்கேனுக்கு வரிசை நீளம். இங்கே கேட்ட வாரமே தேதி கிடைத்தது. காத்திருக்கும் கூடத்தில் மேடானில் இருந்து வந்த இந்தோனேசியக் குடும்பங்கள் பெட்டியும் கையுமாக நிறையப் பேர். சேவை நன்றாக இருப்பதால்தான் கடல் தாண்டி வருகிறார்கள். குறை என்றால் பணம் கட்டும் கவுண்டர்தான். செலவை ஏற்பதாக இன்சூரன்ஸ் கம்பெனி தரும் ஜி.எல். (உறுதிக் கடிதம்) வரும் என்று காலையில் ஒருவர் சொன்னார். வார்டில் படுக்காமல் எடுக்கும் ஸ்கேனுக்கு ஜி.எல். கிடையாது, முதலில் நீங்களே கட்டிவிட்டு அப்புறம் கிளெய்ம் செய்யுங்கள் என்று மத்தியானம் இன்னொருவர் சொன்னார். மெடிக்கல் கார்டு (மருத்துவ இன்சூரன்ஸ்) வைத்திருப்பவர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. தொழிலாளர் சேமநிதியான இபிஎஃப் சேமிப்பில் இருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பணம் எடுக்க வழி இருக்கிறது என்பதும் எங்கள் வீட்டில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இந்த அலைச்சலையெல்லாம் மறக்க வைத்தவர் சர்ஜன். நடுவயதுச் சீனப் பெண்மணி, அவசரமே இல்லாமல் பேசினார். “எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. எழுதித் தரமாட்டேன். படம் பார்த்தால் என் முடிவு மாறும் என்றால் மட்டும் எழுதுவேன்” என்றார். தங்கச்சிக்கு ஏன் எழுதினார் என்பதையும் விளக்கினார். இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமில் அந்தத் திசுவும் வெள்ளை, புற்றுநோயும் வெள்ளை. இவளுக்கு மேமோகிராம் ஓர் அளவு சொன்னது, அல்ட்ராசவுண்ட் அதைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடுதலாகச் சொன்னது. மார்பகத்தைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் எடுக்கலாம் என்றால் எது சரியான அளவு என்று தெரிந்தாக வேண்டும். இங்கிலாந்தில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது: வழக்கமாக எல்லாருக்கும் வேண்டாம், அளவுகள் ஒத்துப்போகாவிட்டால், அடர்த்தியால் மேமோகிராமை நம்ப முடியாவிட்டால், பால் சுரப்பிகளில் தொடங்கும் லோபுலார் வகைப் புற்றுநோயில் மார்பகத்தைக் காக்க நினைத்தால் எடுக்கலாம்.

நான் விடவில்லை. இவ்வளவு துல்லியமான ஸ்கேனை எல்லாருக்கும் எடுத்தால் என்ன என்று கேட்டேன். அவர் 2010இல் வெளியான காமிஸ் ஆய்வைச் சொன்னார். என் ஊர்ப் பக்கம், பிரிட்டனில் நடந்தது. 1,600க்கும் அதிகமான பெண்களில் எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மறு ஆபரேஷன் தேவைப்பட்டது ஒரே அளவு, சுமார் 19 சதவீதம். ஆனால் 56 வயதுக்கு உட்பட்ட 440 பெண்களை வைத்து ஸ்வீடனில் செய்த ஆய்வில் மறு ஆபரேஷன் 15 சதவீதத்தில் இருந்து 5 ஆக இறங்கியது. அதே ஆய்வில் ஸ்கேனைப் பார்த்துவிட்டு மார்பகத்தையே முழுதாக எடுக்கும் முடிவுக்கு மாறியவர்களும் உண்டு. இளம் பெண்கள் விஷயத்தில் கேள்வி இன்னும் முடியவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கவுண்டரில் கொடுத்த தேதியை ஸ்கேன் பகுதிப் பெண் போன் செய்து மாற்றினார். மாதவிடாய் நிற்காதவர்களுக்குச் சுழற்சியின் இரண்டாவது வாரம்தான் நல்லது. மற்ற நாட்களில் சாதாரணத் திசுவும் ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றும் சாயத்தை இழுத்துக்கொண்டு பளிச்சென்று தெரியுமாம். இதை முதலிலேயே யாராவது கேட்டிருக்கலாம். அன்றைக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தம் பார்த்தார்கள், கையில் ஊசி போட்டார்கள். நகையெல்லாம் கழற்ற வேண்டும் என்றதும் சித்தி மகளின் தாலியைப் பார்த்துச் சித்தி தயங்கினார். தமிழ் நர்ஸ், “அம்மா, உங்க கையிலேயே வச்சிருங்க, அரை மணி நேரத்துல போட்டுரலாம்” என்று முடித்துவைத்தார். உள்ளே குப்புறப் படுக்க வேண்டும், மார்பகங்கள் இரண்டு குழிகளில் தொங்கும், அசையவே கூடாது. “சத்தத்தைவிட நெஞ்செலும்பு வலிதான்க்கா தாங்கல” என்றாள் வெளியே வந்ததும்.

ரிப்போர்ட்டில் கட்டியின் அளவு அல்ட்ராசவுண்டோடு ஒத்துப்போனது. கூடவே, அதே மார்பகத்தில் சற்றுத் தள்ளி இன்னொரு சின்னப் புள்ளி. அன்றிரவு வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. “முழுசா எடுத்துரச் சொல்லு, நிம்மதியா இருக்கலாம்” என்று சித்தி அழுதார். சர்ஜன் அசையவில்லை. எம்.ஆர்.ஐ. காட்டுவதெல்லாம் புற்றுநோய் இல்லை, பயாப்ஸி இல்லாமல் மார்பகத்தை எடுக்கும் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மறுபடி அல்ட்ராசவுண்ட் வைத்து அந்த இடத்தைத் தேடி ஊசி போட்டு எடுத்தார்கள். சாதாரணக் கட்டி. அதற்குள் ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தது, கையில் இருந்து இன்னும் கொஞ்சம் வெள்ளியும் போயிருந்தது.

அப்படியும் இவளுக்கு எடுத்தது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. கட்டியை மட்டும் எடுக்கத் தேதி குறித்தார்கள், எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதில் சர்ஜனுக்குக் குழப்பம் இல்லை. ஆனால் இவள் எடுத்தாள் என்பதற்காக, மேமோகிராமிலேயே எல்லாம் தெளிவாகத் தெரியும் 66 வயது பக்கத்து வீட்டு அக்காவும் எடுக்க வேண்டியதில்லை. அவர் இப்போது அதே கவுண்டரில் தேதி கேட்டுக்கொண்டிருக்கிறார். சர்ஜனிடம் முதலில் பேசுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

கதிர்வீச்சுக்கு வேறு ஆஸ்பத்திரி போக நினைப்பவர்கள் ரிப்போர்ட்டோடு படங்களையும் சிடியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கேட்ட அன்றே கொடுத்தார்கள்.