கும்பகோணத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டால்

லண்டனிலிருந்து ஊருக்குப் போகும்போது வயிற்றுக்கோளாறுக்கு மாத்திரை கட்டிக்கொண்டு போகிறோம், இடுப்பைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. கும்பகோணத்தில் ஒரு காதுகுத்து விழாவில் வெகுநேரம் சம்மணம் போட்டிருந்துவிட்டு எழுந்தேன். கீழ்முதுகில் பளீரென்று ஒரு வலி. நிமிரவும் முடியவில்லை, திரும்ப உட்காரவும் முடியவில்லை.

உடனே ஆளுக்கொரு வைத்தியம். உப்பு ஒத்தடம் என்றார் ஒருவர், புத்தூர் கட்டு என்றார் இன்னொருவர். இரட்டைப் பிள்ளை பெற்றவள் காலால் நீவினால் சுளுக்கு ஓடிவிடும் என்று பெரியம்மா அடுத்த தெருவுக்கு ஆளே அனுப்பிவிட்டார். நல்லவேளை, அந்த அம்மாள் ஊரில் இல்லை.

பக்கத்துக் கிளினிக்கில் காத்திருக்கவே விடவில்லை. என்ன, ஏது என்று விசாரிப்பதற்குள் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து ஊசி தயார். வயிற்றுப்புண் உண்டா, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வியே இல்லை. பிரஷர் மாத்திரை போடுவதை நானாகத்தான் சொன்னேன். இதே மருந்தை மாத்திரையாகக்கூட பிரிட்டனில் 2015 முதல் டாக்டர் சீட்டு இல்லாமல் தருவதில்லை.

அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். லண்டனில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியது, இங்கே அன்று மாலையே எடுத்துவிடலாம். சபலம்தான். ஆனால் எடுக்கவில்லை. வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கியிருக்கும். பார்த்துவிட்டுப் பயப்படுவதுதான் மிச்சம். காலில் பலம் குறைவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது அடக்க முடியாமல் போவது, இவற்றில் ஒன்று இருந்தால் கதையே வேறு. யோசிக்காமல் 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

என் முழு மார்க் வீட்டுக்கே வந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு. முதலில் காலைத் தூக்கிப் பார்த்தார், கால் கட்டைவிரலை மடக்கச் சொல்லிப் பலம் பார்த்தார், அதற்குப் பிறகுதான் பேச்சே. "படுத்தே கிடக்காதீங்க சார், அப்பப்ப நடங்க" என்றார். கட்டிலைவிட்டு எழுவதற்கு ஒரு வழி காட்டினார்: முழங்காலை மடக்கி, உடம்பை மரக்கட்டை மாதிரி ஒருசேர ஒருக்களித்து, கால்களை வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். அதுவரை ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேர் என்னைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சை உண்டு. ஊரில் நடமாட முடியாத பெரியவர்கள் இருந்தால் விசாரித்து வையுங்கள்.

திரும்பும் விமானத்துக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடைபாதையோர இருக்கை கேளுங்கள், நடுநடுவே எழுந்து நடக்கலாம். கிளினிக்கில் கொடுத்தது துண்டுச் சீட்டு. இன்சூரன்ஸுக்குக் காட்ட வேண்டும், டாக்டரின் பதிவு எண்ணும் சீலும் போட்டுத் தாருங்கள் என்று திரும்பப் போய்க் கேட்டேன். முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.