பிரேக் ஆயில் மாத்தியாச்சுன்னு பில்லுல இருந்தா நம்பிடாதீங்க

ஏற்காட்டுல இருந்து சேலம் இறங்குற ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு. பாதி இறங்கினதும் கார் பிரேக் பெடல் பொசுக்குனு உள்ள போயிடுச்சு. பம்ப் பண்ணிப் பார்த்தேன், கொஞ்சம் பிடிச்சுது. அடுத்த மிதியில அதுவும் இல்லை. செகண்டு, ஃபர்ஸ்ட்னு கியரை இறக்கி, ஹேண்ட் பிரேக்கை விட்டு விட்டு இழுத்து, மலைப்பக்கச் சுவர்ல உரசித்தான் நிறுத்தினேன். ஆளுக்கு ஒண்ணும் ஆகலை. ரெண்டு கதவும் போச்சு.

கிளம்புறதுக்கு முன்னாடிதான் ஒரு ஒர்க்‌ஷாப்ல ஃபுல் சர்வீஸ் விட்டேன். ‘பிரேக் ஆயில் மாற்றியது, நாலு வீல் ஏர் எடுத்தது’ன்னு பில்லு போட்டு காசும் வாங்கிட்டாங்க. ஏர் எடுக்கிறதுன்னா டயர் காத்து இல்லை, ஒவ்வொரு வீல்லயும் பிரேக் லைன்ல இருக்கிற பழைய ஆயிலையும் காத்தையும் வெளிய விடுறது. போய்க் கேட்டா, "இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்திருப்பீங்க சார், சூடாயிருக்கும்"ங்கிறார் முதலாளி. சூடாகும்தான். ஆனா புது டாட் 3 (பிரேக் ஆயில்ல ஒரு தரம்) ஆயில் 205 டிகிரி வரைக்கும் தாங்கணும். ஈரத்தை உறிஞ்சின பழைய ஆயில் 140 பக்கத்துலயே கொதிச்சு ஆவியாயிடும். ஆயில் போற லைன்ல ஆவி நின்னா எவ்வளவு மிதிச்சாலும் அழுத்தம் வீலுக்குப் போகாது.

வேற மெக்கானிக் ஒருத்தர் வீலைக் கழட்டி ஏர் எடுக்கிற நிப்பிளைக் காட்டினார். ரப்பர் மூடி மேல காய்ஞ்ச சேறு அப்படியே ஒட்டியிருக்கு, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. நாலு வீல்லயும் இதே கதைதான். மேல பிரேக் ஆயில் டப்பாவுல மட்டும் புது ஆயிலை ஊத்திப் பளிச்சுனு வச்சிருக்காங்க. நிப்பிளைத் திறந்தா கஷாயம் மாதிரி கருப்பா வடியுது. எல்லாத்தையும் வீடியோ எடுத்து வச்சுக்கிட்டேன்.

இன்சூரன்ஸ் சர்வேயர் ‘மெக்கானிக்கல் ஃபெயிலியர்’னு ஒரே வரியில முடிக்கப் பார்த்தார். பிரேக் பாகத்துக்குக் காசு வராது, சரி. சுவர்ல இடிச்சு நசுங்கின கதவு விபத்துச் சேதமாச்சே? அதைத் தனியா எழுத வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

யார் மேலயாவது மோதியிருந்தா இன்னும் மோசம். "பிரேக் பிடிக்கலை"ன்னு சொன்னா மட்டும் கோர்ட் விட்டுடாது. ஒழுங்காப் பராமரிச்சும் கண்ணுக்குத் தெரியாத கோளாறுன்னு நாமதான் நிரூபிக்கணும். அதுக்குக் கையில இருக்கிற ஆதாரம் இந்தப் பொய்ப் பில்லு!

நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிஞ்சாச்சு. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருஷத்துக்குள்ள போகணும், சர்வீஸுக்கு நாம கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கிடையாது.

சர்வீஸ் விடுறவங்க பக்கத்துல நின்னு நாலு நிப்பிள்லயும் பழைய ஆயில் வெளிய வர்றதைப் பாருங்க. "கஸ்டமர் உள்ள வரக்கூடாது சார்"னா, சாவியை வாங்கிக்கிட்டு வேற இடம் பாருங்க.