தடைக்காலத்தில் 'காலையில் வந்த வஞ்சிரம்': கடற்கரை வீடு எடுப்போருக்கு ஓர் எச்சரிக்கை

கோடை விடுமுறையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு வாடகைக்கு எடுத்து, நண்பர்களோடு மீன் வாங்கிச் சமைத்துச் சாப்பிடத் திட்டமிடுவோர், முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கடந்த மே மாதம் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே நாங்கள் தங்கிய வீட்டில், நாள்பட்ட மீனை அன்று காலையில் பிடித்த மீன் என்று சொல்லி எங்களுக்கு விற்றார்கள். அதைச் சாப்பிட்டவர்களில் மூவர் அன்று பிற்பகலே மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சமையலறை, கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், குடிநீர் எல்லாம் உண்டு என்று விளம்பரத்தில் இருந்தது. போய் இறங்கிய பிறகுதான் அடுப்புக்குத் தனிக் கட்டணம் என்றார்கள். அதுவும் வணிகத்துக்குப் பயன்படுத்தவே கூடாத சிவப்பு நிற வீட்டு சிலிண்டருக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய். குழாயில் வந்த தண்ணீர் கடலோரத்து உப்பு நீர். குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் சாம்பார்ப் பருப்பு மலரவில்லை. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் கேன் தண்ணீரை அவர்களிடமே கூடுதல் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. ஃபிரிட்ஜில் விளக்கு எரிந்தது, ஆனால் குளிர்ச்சி இல்லை. இவையெல்லாம் பணத்தோடு போகிற ஏமாற்று என்பதால் இதற்கு மேல் விவரிக்கவில்லை. மீன் விஷயம் அப்படிப்பட்டதல்ல.

நாங்கள் கடற்கரைக்குப் போய் மீன் வாங்கி வரக் கிளம்பியபோது, வீட்டைப் பார்த்துக்கொள்பவர் தடுத்தார். "வெயில்ல எதுக்கு சார் அலையறீங்க? நம்ம பையன் படகு காலைலதான் கரைக்கு வந்துச்சு. வஞ்சிரம் இருக்கு. வெட்டி, சுத்தம் பண்ணியே கொண்டாந்து குடுத்துடுவான்" என்றார். கிலோ 1,600 ரூபாய் என்று பேசி, பணத்தை முதலிலேயே ஜிபேயில் வாங்கிக்கொண்டார். நண்பகல் நெருங்கும் நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் பையில் துண்டுகள் வந்தன. ஐஸ் கிடையாது. தலையும் கிடையாது. தலை எங்கே என்று கேட்டதற்கு, படகுக்காரர்கள் தங்கள் குழம்புக்கு எடுத்துக்கொண்டதாகச் சொன்னார்.

வாசகர்கள் இங்கே ஒரு சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் இருக்கிறது. 2017-க்கு முன்பு இது 45 நாட்களாக இருந்தது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் விசைப்படகுகள் அப்போது கடலுக்குப் போகக் கூடாது. ஃபைபர் படகுகளுக்கும் கட்டுமரங்களுக்கும் தடையில்லை. அவை கரையை ஒட்டிப் போய் நெத்திலி, கவலை, சங்கரா, இறால், நண்டு என்று கிடைப்பதைக் கொண்டுவருகின்றன. அவற்றின் வலையிலும் எப்போதாவது வஞ்சிரம் விழுவதுண்டு என்றாலும், கேட்டவருக்கெல்லாம் கேட்ட நேரத்தில் கிலோ கணக்கில் எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு அது கிடைப்பதில்லை. மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் மாதத்தில்தான் தொடங்குகிறது என்பதால், மே மாதத்தில் சென்னைச் சந்தைக்கு வரும் பெரிய மீன்களில் பெரும்பகுதி கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரியில் ஐஸ் போட்டு வருகிறது. அப்படி வரும் மீனில் குறை காண நான் முற்படவில்லை. குளிர்ச்சி குறையாமல் வந்து சேர்ந்தால் அது நல்ல மீன்தான். ஆனால் அதில் விற்காமல் மிஞ்சியதை வெயிலில் வைத்திருந்து, 'காலையில் படகில் வந்தது' என்று சொல்லி, கோடைச் சுற்றுலா வந்தவர்களின் தலையில் கட்டுவது அவர்களுடைய உடல்நலத்தோடு விளையாடுவதாகும்.

பாதி மீனை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தோம். மீதியை மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டு விழுதும் தடவி வறுத்தோம். சாப்பிட்டு அரை மணி நேரம் ஆவதற்குள் ஒரு நண்பருக்கு முகமும் கழுத்தும் தீப்பட்டதைப் போலச் சிவந்தன. அடுத்த இருவருக்குத் தலைவலியும் படபடப்பும் உடல் முழுக்க அரிப்பும் வந்தன. அவர்களில் ஒருவர் வாந்தியும் எடுத்தார். மீன் அலர்ஜியாக இருக்கும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். பரிசோதித்த மருத்துவர், சிறு வயதிலிருந்து மீன் சாப்பிட்டுவரும் மூவருக்கு ஒரே நேரத்தில் அலர்ஜி வர வாய்ப்பில்லை என்றும், இது மீனில் சேர்ந்த ஹிஸ்டமினால் வந்த நச்சுப் பாதிப்பு என்றும் விளக்கினார். வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீனைப் போதிய குளிர்ச்சியில் வைக்காவிட்டால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. அப்படி உருவான ஹிஸ்டமின் கொதிக்கவைத்தாலும் அழியாது, எண்ணெயில் பொரித்தாலும் அழியாது, பிறகு ஐஸில் போட்டாலும் அழியாது. நன்றாக வேகவைத்தால் எதுவும் செய்யாது என்ற நம் வீட்டு நம்பிக்கை இந்த இடத்தில் பயன்படுவதில்லை. எல்லாத் துண்டுகளிலும் அது ஒரே அளவில் இருக்காது என்பதால்தான் ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்ட மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்னொன்றையும் அவர் சொன்னார். இத்தகைய மீனில் பல சமயம் நாற்றம் இருக்காது. நாக்கில் மிளகு பட்டதைப் போன்ற ஓர் எரிச்சல் மட்டும் தெரியலாம். மிளகாய்த்தூள் தடவிப் பொரிக்கும் நம் சமையலில் அந்த எரிச்சலை யார் பிரித்தறிய முடியும்? ஆகவே வாயில் வைத்த பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று யாரும் இருந்துவிட வேண்டாம். ஊசியிலும் மாத்திரையிலும் அன்றிரவே மூவரும் தேறிவிட்டார்கள். ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர் ஒருவர் எங்களோடு இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் நாங்கள் சிலர் கோவளம் கரைக்குப் போனோம். கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவர், "தடையில எவன் தம்பி வஞ்சிரத்தைத் தலையில்லாம குடுப்பான்? தலைக்குத்தான மொதல்ல ஆளு வந்து நிக்கும்" என்றார். தலையை நீக்குவதன் காரணம் அப்போது தெளிவாக விளங்கியது. செவுள் ரத்தச் சிவப்பாக இருக்கிறதா, கண் பளபளப்பாகப் புடைத்திருக்கிறதா என்று பார்த்துத்தான் மீனின் வயதைச் சொல்ல முடியும். தலை போய்விட்டால் அந்த இரண்டு சாட்சிகளும் போய்விடுகின்றன. சதையை விரலால் அழுத்தினால் குழி மறைகிறதா என்று பார்ப்பது மட்டுமே மிஞ்சுகிறது. அதுவும் வெட்டிய துண்டில் தெளிவாகத் தெரிவதில்லை. முழு மீனாகக் கண்ணெதிரில் எடுத்து, அங்கேயே வெட்டச் சொல்லி, தலையோடு வாங்குங்கள். ஐஸ் பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். வாடகை வீட்டின் ஃபிரிட்ஜை நம்பி மே மாத வெயிலில் மீனை வைக்காதீர்கள். அன்று அந்த அம்மாவிடம் வாங்கிய சங்கராவையும் நெத்திலியையும் அதே சமையலறையில்தான் சமைத்தோம். யாருக்கும் எந்தத் தொல்லையும் வரவில்லை, செலவும் வஞ்சிரத்துக்குக் கொடுத்ததில் கால் பங்குகூட ஆகவில்லை.

வீட்டு உரிமையாளரிடம் பேசியபோது, அடுப்புக் கட்டணத்தைத் திருப்பித் தந்தார். மீன் விற்றது தன் ஆள் இல்லை என்றும் மருத்துவச் செலவுக்குத் தான் பொறுப்பல்ல என்றும் கூறிவிட்டார். விளம்பரத்தின் படம், பணம் அனுப்பிய ரசீது, மருத்துவரின் சீட்டு ஆகியவற்றோடு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915 வழியாகப் புகார் பதிவு செய்திருக்கிறோம். இதுவரை தீர்வு கிடைக்கவில்லை. அந்த வீட்டின் விளம்பரத்தில் 'விருந்தினர் விரும்பினால் புதிய கடல் மீன் ஏற்பாடு செய்து தரப்படும்' என்ற வரி இன்னும் நீக்கப்படாமல் இருக்கிறது.