இணையப் பாடத்தை வெளியிலிருந்து எடுப்பதா, நாமே செய்வதா? தருமபுரி, கிருஷ்ணகிரிக் கல்லூரிகளுக்காக ஓர் ஒப்பீடு

ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்தில் படித்து, பட்டத்துக்குக் கணக்கில் சேரும் கிரெடிட் பெறலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி வகுத்தது. 2016இல் வந்த விதியில் அந்த வரம்பு 20 விழுக்காடு. ஐந்தே ஆண்டில் வரம்பு இரண்டு மடங்காகிவிட்டது. நம் பக்கத்துக் கல்லூரிகளில் அந்தப் பாடங்களைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய ஆசிரியர்களுக்கான பயிற்சி அந்த அளவுக்கு வளரவில்லை. அதனால் "எத்தனை பாடத்தை இணையத்துக்கு மாற்றலாம்" என்ற கேள்விக்கு முன்னால், "அதை யார் நடத்துவார், அவரை யார் தயார் செய்வார்" என்ற கேள்வியைத் துறைக் கூட்டத்தில் எடுக்க வேண்டும் என்கிறேன்.

யாருக்காக இதைச் செய்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி. 68.5 விழுக்காடுதான். அன்று எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று கணக்கில் வந்த பலரின் பிள்ளைகள் இன்று நம் வகுப்பில் இருக்கிறார்கள். வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்களாகத்தான் இருப்பார்கள். சித்தேரி மலையிலும் அஞ்செட்டிக் காட்டோரத்திலும் கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்கும் இடம் தேடிப் போக வேண்டியிருக்கிறது. தளி, வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறார்கள், பள்ளியில் தமிழில் படித்தார்கள், இப்போது ஆங்கிலக் காணொளி பார்க்கச் சொல்கிறோம்.

இப்படிப்பட்ட வகுப்பை வைத்துக்கொண்டு கல்லூரிக்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, ஸ்வயத்தில் இருக்கும் பாடத்தை அப்படியே எடுத்து, மாணவரே படித்துத் தேர்வெழுதட்டும் என்று விடுவது. 2017 ஜூலையில் தொடங்கிய தளம் அது. பொறியியலுக்கும் அறிவியலுக்கும் அதில் பெரும் பங்கு என்பிடெல் பாடங்கள். ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய முயற்சி அது. 2014 முதல் சான்றிதழ்த் தேர்வும் நடக்கிறது. 12 வாரப் பாடம் என்றால் ஏறக்குறைய 30 மணி நேரக் காணொளி, 3 கிரெடிட். பேராசிரியர்கள் தரமானவர்கள். பாடம் பார்க்கக் காசு வேண்டாம். கல்லூரியில் அந்தத் துறைக்கு ஆள் இல்லையென்றால், பெங்களூரிலோ சென்னையிலோ இருந்து ஆள் வந்து நடத்துவதற்கு இணையான வாய்ப்பு. இந்த நன்மையைக் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் மதிப்பெண் எப்படி வருகிறது என்று பாருங்கள். வாராவாரம் தரும் அசைன்மெண்டுகளில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழ் பெற அசைன்மெண்டில் 10, தேர்வில் 30 எடுக்க வேண்டும். அசைன்மெண்ட் விடைகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் கெடு முடிவதற்கு முன்பே கிடைக்கின்றன என்பது மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே அந்த 25 சுலபமாக வந்துவிடும். 12 வாரமும் "நன்றாகப் போகிறது" என்ற நம்பிக்கையில் இருந்த பிள்ளை, தேர்வறையில்தான் முதல்முறையாகத் தனியாக நிற்கிறது. இடையில் யாரும் அதன் நோட்டைப் பார்க்கவில்லை, எங்கே இடறுகிறது என்று கேட்கவுமில்லை.

செலவும் சும்மா விடுவதில்லை. தேர்வுக் கட்டணம் பாடத்துக்கு 1000 ரூபாய். புதுமைப் பெண் திட்டத்தில் ஒரு மாணவிக்கு மாதம் கிடைக்கும் தொகையும் அதே 1000 ரூபாய்தான். இரண்டு பாடம் எடுத்தால் இரண்டு மாத உதவித்தொகை போச்சு. இதோடு தேர்வு மையத்துக்குப் போய்வரும் செலவு. பென்னாகரத்துக்கு மேலே ஒரு கிராமத்தில் இருப்பவர் காலைத் தேர்வுக்குச் சேலம் போக வேண்டுமென்றால் முந்தின நாளே கிளம்பியாக வேண்டும். பெண் பிள்ளையென்றால் கூட ஒரு ஆளும் போக வேண்டும் என்பார்கள்.

2013இல் கலிஃபோர்னியாவில் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் யுடாசிட்டி என்ற இணையப் பாட நிறுவனத்தோடு சேர்ந்து மூன்று பாடங்களை இணையத்தில் நடத்திப் பார்த்தது. மூன்றும் கணிதம், புள்ளியியல் சார்ந்த தொடக்கப் பாடங்கள். முதல் பருவத்தில் தேர்ச்சி விகிதம் வகுப்பறையைவிடக் குறைந்தது. ஏற்கனவே தேர்ச்சி பெறாதவர்களும், வீட்டில் கணினி இல்லாத பள்ளி மாணவர்களும் அதில் இருந்தார்கள். அதே பாடங்களை அந்தக் கோடையில் மீண்டும் நடத்தியபோது தேர்ச்சி ஏறியது, ஏனென்றால் அந்த முறை சேர்ந்தவர்களில் பலர் முன்பே பட்டம் பெற்றவர்கள். தானே படித்துக்கொள்ளப் பழகியவருக்குத் தனியே விடப்பட்ட இணையப் பாடம் நன்றாக வேலை செய்கிறது. நம் முதலாமாண்டு பி.எஸ்சி. வகுப்பு அந்த நிலைக்கு இன்னும் வரவில்லை.

இரண்டாவது வழி, நாமே பதிவு செய்வது. தமிழில் பேசலாம், நம் பாடத்திட்டத்துக்குப் பொருத்தமாக அமைக்கலாம், கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலையையோ தருமபுரி பட்டுக்கூடு ஏலத்தையோ உதாரணமாக வைத்து வணிகவியல் கணக்கு சொல்லித்தரலாம். இதன் மீது எனக்கு ஆசை அதிகம். ஆனால் ஸ்வயத்தின் அளவுகோல்படி ஒரு பாடம் என்றால் நான்கு அங்கம் வேண்டும்: காணொளி, எழுத்து வடிவப் பாடம், கலந்துரையாடல், மதிப்பீடு. நம் கல்லூரிகளில் பெரும்பாலும் முதல் அங்கம் மட்டும்தான் நடக்கும். கரும்பலகை முன் ஒரு ஆசிரியர் 50 நிமிடம் பேசுவதைக் கைப்பேசியில் எடுத்து யூடியூபில் ஏற்றிவிட்டு, இணையப் பாடம் முடிந்தது என்று அறிக்கை எழுதுவார்கள்.

2014இல் வெளியான ஓர் ஆய்வு எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 இலட்சம் முறை காணொளிகள் பார்க்கப்பட்டதன் பதிவுகளை அலசியது. 6 நிமிடத்துக்குள் முடியும் காணொளிகள்தான் மாணவர்களை அதிகம் பிடித்து வைத்தன. ஆறு நிமிடத்தில் ஒரு கருத்தைச் சொல்வது 50 நிமிட வகுப்பை எடுப்பதைவிடக் கடினம். திட்டமிடல், எழுத்து, ஒத்திகை, திருத்தம் எல்லாம் வேண்டும். உதவி பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடி வகுப்பு என்று மானியக் குழுவே வைத்திருக்கும்போது, இந்த வேலைக்கு நேரம் எங்கிருந்து வரும்? ஒரு முழுப் பாடத்தையும் நாமே செய்வது இன்றைய நிலையில் நம் கலைக்கல்லூரிகளுக்கு முடியாத காரியம். ஒன்றிரண்டு அலகுகள் என்றால் முடியும், செய்யவும் வேண்டும்.

மூன்றாவது வழிதான் நான் தேர்ந்தெடுப்பது. காணொளியை வெளியிலிருந்து எடுத்துக்கொள்கிறோம், வாரத்தில் ஒரு மணி நேரம் நம் ஆசிரியர் வகுப்பில் நிற்கிறார். மாணவர்கள் அந்த வாரக் காணொளியைக் கல்லூரிக் கணினி அறையிலேயே சேர்ந்து பார்க்கலாம், சிக்னல் பிரச்சினையில் பாதி அங்கேயே தீரும். ஆசிரியர் அதில் வந்த கலைச்சொற்களைத் தமிழில் விளக்குவார், அசைன்மெண்ட் கணக்குக்கு ஒத்த வேறொரு கணக்கைக் கொடுத்து அங்கேயே போடச் சொல்வார். யார் விடையைப் பார்த்து எழுதினார், யார் புரிந்து எழுதினார் என்பது அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். சில என்பிடெல் பாடங்களுக்குத் தமிழ் எழுத்துவடிவம் இருக்கிறது, அதை அச்செடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

இதன் குறையையும் மறைக்கக் கூடாது. ஐஐடி பேராசிரியரின் பாடத்துக்கு உதவியாளராக நிற்பதைச் சில ஆசிரியர்கள் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். பருவ நாட்காட்டியும் ஒத்துப்போகாது: அங்கே ஏப்ரலிலும் அக்டோபரிலும் தேர்வு வரும், இங்கே நாம் அதே நேரத்தில் உள்மதிப்பீடும் செய்முறைத் தேர்வும் வைத்திருப்போம். இவை சரிசெய்யக்கூடிய குறைகள். மாணவரைத் தனியே விடுவதால் வரும் சேதம் அப்படிச் சரியாகாது.

முழுப் பட்டத்தையே இணையத்தில் நடத்தும் யோசனையை இங்கே சேர்க்கவில்லை. மானியக் குழுவின் 2020 விதிகள் அதற்கு, கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டில் 3.26 அல்லது தேசியத் தரவரிசையில் முதல் 100க்குள் இடம் கேட்கின்றன. அது பல்கலைக்கழகங்கள் யோசிக்க வேண்டிய காரியம்.

இனி ஆசிரியரைத் தயார் செய்வது. என் பார்வையில் முழு விஷயத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது, பேச்சும் இங்கேதான் குறைவு.

கல்லூரி ஆசிரியர்களுக்கான மாளவியா ஆசிரியர் பயிற்சித் திட்டம் 2023 செப்டம்பர் 5 அன்று தொடங்கியபோது நாடு முழுக்க 111 மையங்கள் இருந்தன. பெரும்பாலும் முன்பிருந்த மனிதவள மேம்பாட்டு மையங்களே பெயர் மாறியவை. ரெஃப்ரெஷர் எனப்படும் இரண்டு வாரப் புத்தாக்கப் பயிற்சியை வீட்டிலிருந்தே இணையத்தில் முடிக்கலாம். பணி மேம்பாட்டுக்குச் சான்றிதழ் செல்லும். அரூரிலிருந்து கோவைக்கோ திருச்சிக்கோ போய்த் தங்க வேண்டாம் என்பது, குறிப்பாகக் குழந்தை வைத்திருக்கும் ஆசிரியைகளுக்கு, பெரிய வசதி. ஆனால் அங்கே ஆசிரியர் பெரும்பாலும் உரை கேட்கிறார், கடைசியில் கொள்குறி வினாக்களுக்கு விடை தருகிறார். இணையப் பாடம் நடத்தப் போகிறவருக்கு அது போதாது.

பொறியியல் ஆசிரியர்களுக்கு, தொழில்நுட்பக் கல்வியை மேற்பார்க்கும் ஏஐசிடிஇ வகுத்த 8 பாடக்கூறுகள் கொண்ட பயிற்சி ஸ்வயம் வழியாகவே கிடைக்கிறது. பாடத் திட்டமிடல், தொழில்நுட்பத்தின் துணையோடு கற்பித்தல், மாணவர் மதிப்பீடு ஆகிய மூன்று கூறுகளும் நாம் பேசும் வேலைக்கு நேரடியாகப் பொருந்துபவை. ரெஃப்ரெஷரைவிட இதில் ஆழம் அதிகம், நேரமும் அதிகம் பிடிக்கும். கலைக்கல்லூரி ஆசிரியரை மனதில் வைத்து எழுதியதல்ல என்பது இதன் எல்லை.

இரண்டிலும் விடுபடுபவர், நிரந்தரப் பணியில்லாத கௌரவ விரிவுரையாளர். நம் அரசுக் கலைக்கல்லூரிகளில் வகுப்புகளின் பெரும்பாரத்தைச் சுமப்பவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். பணி மேம்பாடு என்ற ஏணியே அவர்களுக்கு இல்லாதபோது, அந்த ஏணிக்காக வடிவமைத்த சான்றிதழால் அவர்களுக்கு என்ன பயன்? இணையப் பாடத்தின் வழிகாட்டியாகத் துறை நியமிக்கப் போவதும் பல நேரங்களில் அவர்களைத்தான்.

ஆகவே மூன்றாவதாகக் கல்லூரிக்குள்ளேயே நடக்கும் பயிற்சியை முன்வைக்கிறேன். இரண்டு ஆசிரியர்கள் ஜோடி சேர வேண்டும். அரியர் அதிகம் விழும் ஒரே ஒரு அலகை எடுக்க வேண்டும். அதற்கு மூன்று குறுங்காணொளிகள் தேர்ந்தெடுத்து, தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதி, ஐந்து கேள்விகள் தயாரித்து, தங்கள் வகுப்பிலேயே நடத்திப் பார்க்க வேண்டும். ஒருவர் நடத்தும்போது மற்றவர் பின்பெஞ்சில் உட்கார்ந்து மாணவர் முகத்தைப் பார்க்கட்டும். பிறகு விடைத்தாள்களை இருவரும் சேர்ந்து பார்த்துக் கேள்விகளைத் திருத்தலாம். ஒரு பருவம் இதைச் செய்தவர் அடுத்த பருவம் வேறு ஜோடிக்கு வழிகாட்டலாம். வெளியிலிருந்து யோசனை வேண்டுமென்றால் பர்கூரிலும் செட்டிக்கரையிலும் அரசுப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அந்த 8 கூறுகளை முடித்த ஆசிரியர்கள் அங்கே இருந்தால் அழைத்துப் பேசச் சொல்லலாம். இதற்குச் சான்றிதழ் கிடையாது என்பது உண்மையான பலவீனம்தான். கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட அனுபவச் சான்றாவது கொடுத்தால், கௌரவ விரிவுரையாளர் அடுத்த நேர்காணலுக்கு அதைக் கொண்டுபோக முடியும்.

கல்லூரிக்குக் கல்லூரி விடையும் மாறும். பொறியியல் கல்லூரியில் மூன்றாமாண்டு மாணவருக்கு விருப்பப் பாடம் ஒன்றை என்பிடெலில் தனியே எடுக்க அனுமதிப்பதில் தவறில்லை, அவர் ஆங்கிலத்துக்கும் கணினிக்கும் பழகியிருப்பார். காரிமங்கலத்திலோ பென்னாகரத்திலோ உள்ள கலைக்கல்லூரியில் முதலாமாண்டு அடிப்படைப் பாடத்தை அப்படி விடுவதை நான் ஏற்க மாட்டேன். அங்கே 40 விழுக்காடு என்ற வரம்பை எட்டிப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. துறைக்கு ஒரு பாடம், அதுவும் இரண்டாமாண்டில், வழிகாட்டி ஆசிரியரோடு தொடங்கினால் போதும்.

அடுத்த பருவத்துக்கு டைம்டேபிள் போட உட்காரும்போது அந்த வாராந்திர ஒரு மணி நேரம் அதில் பாடவேளையாக இடம்பெற வேண்டும், ஆசிரியரின் 16 மணி நேரக் கணக்கில் சேர வேண்டும், கௌரவ விரிவுரையாளர் நடத்தினால் அவருடைய வேலை நேரமாக எழுதப்பட வேண்டும். இந்த மூன்றுக்கும் முதல்வர் ஒப்புதல் கிடைக்காத கல்லூரியில், மாணவரிடம் 1000 ரூபாய் கட்டச் சொல்லும் சுற்றறிக்கையை அந்தப் பருவம் நிறுத்தி வைப்பதே நியாயம்.